கண்ணுக்கு என்ன கொறச்சல்?

கண் பரிசோதனை என்பது, எல்லாம் நன்றாகத் தெரிகிறது என்று நம்புகிற ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்து, அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் கேட்கிற நடவடிக்கை. கண் சிவந்தோ, வலித்தோ, தூசி விழுந்தோ மருத்துவரிடம் போவது வைத்தியத்தில் சேரும். ஒரு தொந்தரவும் இல்லாதபோது போவதே பரிசோதனை. கன்னியாகுமரி மாவட்டத்தில் முதலாவதற்கு ஆள் பஞ்சம் கிடையாது. இரண்டாவதற்கு ஆளைக் கையைப் பிடித்து இழுத்து வரவேண்டும். “கண்ணுக்கு என்ன கொறச்சல்? அங்க போற பஸ்ஸு தெரியுது, இங்க வாற மருமகன் தெரியுது” என்று சொல்லிவிட்டால் நாஞ்சில் நாட்டில் பரிசோதனை முடிந்ததாக அர்த்தம். வருகிறவர் மருமகன்தானா என்பதை யாரும் சரிபார்ப்பதில்லை.

இந்தத் தைரியத்துக்குக் கண்ணின் அமைப்பும் ஒரு காரணம். பல் ஆடினால் நாக்கு சொல்லிவிடும். முட்டு தேய்ந்தால் படிக்கட்டு சொல்லிவிடும். கண்ணில் குறை வந்தால் அதைப் பார்த்துச் சொல்லவேண்டிய வேலையும் கண்ணுக்கே வருகிறது. வாதி, பிரதிவாதி, சாட்சி, நீதிபதி நான்கும் ஒரே ஆள். வரப்புத் தகராறுக்குக்கூட மேல்கோர்ட்டு வரை போகிற மண் இது. இந்த ஒரு வழக்கில் மட்டும் கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பை ஒருவரும் அப்பீல் செய்வதில்லை.

போதாக்குறைக்கு மூளை பொய்ச்சாட்சி சொல்கிறது. ஒவ்வொரு கண்ணிலும் பார்வை நரம்பு வெளியேறுகிற இடத்தில் ஒளியை உணரும் செல் ஒன்றுகூடக் கிடையாது. அந்த இடம் பிறவியிலேயே குருடு. பிரான்ஸ் நாட்டு எட்மே மரியோத் 1660-களில் கண்டுபிடிக்கும் வரை, தன் கண்ணில் ஓர் ஓட்டை இருக்கும் சங்கதி ஊர் உலகத்துக்குத் தெரியாது. சோதித்துப் பார்ப்பது எளிது. டீக்கடை பெஞ்சில் பத்தடி தள்ளி, தலைக்குத் தலை இரண்டே முக்கால் அடி இடைவெளியில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கவேண்டும். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, வலது கண்ணால் இடப்பக்கத்து ஆளின் மூக்கையே பார்த்தால், வலப்பக்கத்து ஆளின் தலை மறைந்துபோகும். கடன் கொடுத்தவரை வலப்பக்கம் உட்காரவைப்பது உத்தமம். தலை போன இடத்தில் கறுப்பாக எதுவும் தெரியாது; பின்னாலிருக்கிற சுவரின் நிறத்தை எடுத்து மூளை பூசி மெழுகிவிடும். ஒரு முழுத் தலையையே கணக்கில் காட்டாமல் மறைக்கத் தெரிந்த மூளைக்கு, நோயால் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும் பார்வையை மறைப்பது பெரிய காரியமில்லை. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். ஒரு கண் பாதிக்கு மேல் போன பிறகும், மற்றதைப் பொத்திப் பார்க்கும் சந்தர்ப்பம் வாய்க்காததால் வருஷக்கணக்கில் தெரியாமலே இருப்பவர்கள் உண்டு.

ஆகவே பார்வை மங்கத் தொடங்கும்போது சந்தேகம் முதலில் உலகத்தின் மேல்தான் விழும். இதற்குக் குமரி அம்மன் கோயில் கதையிலேயே முன்மாதிரி இருக்கிறது. அம்மனின் மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று நினைத்துக் கப்பல்கள் பாறையில் மோதியதால் கிழக்கு வாசலை அடைத்துவிட்டதாகச் சொல்வார்கள். இன்றும் வருஷத்தில் சில விசேஷ நாட்களில்தான் அது திறக்கும். மாலுமிகளின் கண்ணைச் சோதிக்கலாமே என்று அந்தக் கதையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வீடுகளிலும் இதே முறைதான். முதலில் டியூப் லைட்டை மாற்றுவார்கள். பேப்பர்காரன் மை கம்மியாகப் போடுகிறான். மாத்திரை அட்டையில் எழுத்தை வேண்டுமென்றே சிறிதாக்கிவிட்டான். ரேஷன் அரிசியில் கல் கூடிவிட்டது. தொண்டையில் முள் குத்தினால் அது சாளை மீனின் குற்றம்.

பரிசோதனையின் முதல் கட்டம் எழுத்துப் பலகை. நெதர்லாந்துக் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் 1862-ல் வெளியிட்டது. பார்ப்பவர் பலகையிலிருந்து 6 மீட்டர் தள்ளி உட்காரவேண்டும். அறைக்கு அவ்வளவு நீளம் இல்லாத இடங்களில் எதிர்ச்சுவரில் நிலைக்கண்ணாடி மாட்டி 3 மீட்டரிலேயே தூரத்தைச் சமாளிப்பார்கள். மேலே உள்ள பெரிய எழுத்து ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் உயரம். 6/6 வரியில் உள்ளது 9 மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. நல்ல கண் 60 மீட்டரிலிருந்து பார்ப்பதை ஒரு கண் 6 மீட்டர் வரை நெருங்கி வந்துதான் பார்க்கிறது என்றால் அதன் பார்வை 6/60. உள்ளூர்க் கணக்கில் சொல்வதானால், 133 அடி திருவள்ளுவர் சிலை 6/6 வரி எழுத்தின் அளவுக்குச் சிறுத்துத் தெரிய ஏறத்தாழ 28 கிலோமீட்டர் தள்ளிப் போகவேண்டும். வள்ளுவர் தெரிகிறார் என்பதை வைத்துத் தன் கண்ணுக்குச் சான்றிதழ் வழங்கிக்கொள்ளும் கன்னியாகுமரிவாசிகள் இந்தக் கணக்கைக் கவனிக்கலாம்.

பலகையில் எந்த மொழி எழுத்து என்பது இந்த மாவட்டத்தில் சாதாரணக் கேள்வி ஆகாது. 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேரும் வரை இது திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்த பகுதி. விளவங்கோடு பக்கத்தில் மலையாளத்தில் படித்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தமிழ் எழுத்தைக் காட்டி, தெரியவில்லை என்று பதில் வந்தால், தெரியாதது கண்ணுக்கா படிப்புக்கா என்று பிரிக்க முடியாது. மொழிவாரி மாநிலச் சிக்கலுக்குக் கண் மருத்துவம் கண்ட தீர்வு, ஆங்கில ‘ஈ’ எழுத்தை நாலு திசையிலும் திருப்பிப் போட்ட பலகை. அதை வாசிக்கவேண்டாம், கால்கள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றன என்று விரலால் காட்டினால் போதும். “பாட்டா, இந்த வரியில மூணாவது எந்தப் பக்கம்?” என்று கேட்டால், “பிள்ளே, போன மட்டம் வந்தப்ப வலப்பக்கம்லா இருந்து, இப்பம் திருப்பி வச்சிட்டேளா?” என்று பதில் வரும். மனப்பாடத்துக்கு மதிப்பெண் போடும் பள்ளியில் படித்த தலைமுறை, வரிசையில் நிற்கும்போதே முன்னால் போகிறவர்கள் சொல்வதைக் கேட்டுத் தேர்வுக்குத் தயாராகிவிடுகிறது.

6/60 பற்றி ஒரு துணைச் செய்தி. இந்தியாவில் பல காலம், நல்ல கண்ணில் 6/60-க்குக் குறைவான பார்வை உள்ளவரை அரசுத் திட்டக் கணக்கில் பார்வையற்றவர் என்று சேர்த்தார்கள். 2017-ல் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலுக்கு ஒத்துப்போவதற்காக இந்த எல்லை 3/60 ஆக்கப்பட்டது. ஒரே உத்தரவில் நாடு முழுவதும் ஏராளமானவர்கள் பார்வையற்றோர் பட்டியலிலிருந்து வெளியே வந்தார்கள். கத்தியில்லாமல், மருந்தில்லாமல் இத்தனை பேரைக் குணப்படுத்திய சிகிச்சை வேறு இல்லை. அவர்களுக்கு முந்தின நாள் தெரியாத எதுவும் மறுநாளும் தெரியவில்லை என்பது மட்டும் குறை.

அடுத்தது சோதனைச் சட்டம். மூக்கில் இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, “இது தெளிவா, அது தெளிவா?” என்று கேட்பார்கள். கண்ணாடிக்குரிய எண்ணைக் கருவியே தோராயமாகச் சொல்லிவிடும் என்றாலும், கடைசி வார்த்தை நோயாளியுடையது. இங்கேதான் குமரி மாவட்டத்துப் பண்பாடு குறுக்கே வருகிறது. யாரையும் விட்டுக்கொடுக்காத, யாருக்கும் பிடிகொடுக்காத பதில் ஒன்று இங்கே தயாராக இருக்கிறது: “ரெண்டும் கொள்ளாம், சாரே.” கல்யாணச் சாப்பாட்டுக்கும் கட்சிக்காரர்களுக்கும் பொருந்துகிற இந்தப் பதில் வில்லைக்குப் பொருந்தாது. இரண்டில் ஒன்றைக் குறை சொன்னால் டாக்டருக்கு வருத்தமாகிவிடும் என்று நினைத்து மரியாதைக்கு நல்லது சொல்கிறவர்கள், ஒரு வருஷம் தலைவலியோடு அந்த மரியாதையைச் சுமக்கிறார்கள்.

நாற்பது தாண்டியவர்களுக்குத் தவறாமல் தெரியவருவது வெள்ளெழுத்து. கண்ணின் வில்லை வயதோடு விறைத்து, கிட்டத்துப் பொருளுக்காகக் குவிந்துகொடுக்க மறுப்பதால் வருவது. இது நோயில் சேராது; நரைபோல எல்லோருக்கும் வரும், சாயம் மட்டும் பூச முடியாது. வயலில் வேலை செய்கிறவர் இதை ஐம்பது வரை கவனிக்காமல் தள்ளிவிடலாம். வடசேரியில் கோயில் நகைக்குச் சிவப்புக் கல் பதிக்கிறவருக்கு அந்த வசதி இல்லை. தோவாளையில் பூக்கட்டுகிறவருக்கும், வலை பின்னுகிறவருக்கும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த லேஸ் பின்னலை இன்னும் கைவிடாதவர்களுக்கும் கண் கிட்டத்தில் தெரியவில்லை என்றால் கூலி தெரியாது. வடசேரி நகைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதைச் செய்கிறவரின் மூக்கில் இருப்பது பெரும்பாலும் மூத்தவர் விட்டுப்போன கண்ணாடி.

கண்ணாடியைச் சொத்துபோலக் கைமாற்றிக்கொள்வதும், பஸ் நிலையத்துத் தள்ளுவண்டியில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, பேப்பர் தெரிகிற ஒன்றை வாங்குவதும் பரவலான வழக்கம். தள்ளுவண்டிக் கண்ணாடி கண்ணைக் கெடுத்துவிடும் என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. அப்படிக் கெடுப்பதில்லை. அது செய்கிற தீங்கு வேறு. பேப்பர் தெரியவில்லை என்ற ஒரே காரணத்துக்காகத்தான் அந்த மனிதர் வாழ்நாளில் முதல்முறையாகக் கண் மருத்துவரின் வாசல் வரை வந்திருப்பார். உள்ளே போயிருந்தால் அழுத்தம் பார்த்திருப்பார்கள், விழித்திரையைப் பார்த்திருப்பார்கள். அந்த ஒரு காரணத்தையும் தள்ளுவண்டி மலிவு விலைக்குத் தீர்த்துவைத்துவிடுகிறது.

நிறப் பார்வையைச் சோதிக்க, ஜப்பானிய மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917-ல் வெளியிட்ட புள்ளிப் படங்கள் இருக்கின்றன. வண்ணப் புள்ளிக் கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைச் சொல்லவேண்டும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத குறை எக்ஸ் குரோமோசோமில் போகிறது. ஆண்பிள்ளைக்கு எக்ஸ் வருவது தாயிடமிருந்து மட்டும். ஆகவே தகப்பன் தன் மகனுக்கு இதைக் கொடுக்கவே முடியாது. தாய்மாமனுக்கு இருந்தால் மருமகனுக்கு வரலாம். அதாவது இது சுத்தமான மருமக்கள் வழி. நாஞ்சில் நாட்டு வேளாளர்களின் மருமக்கள் வழிச் சொத்துரிமையை 1920-களில் திருவிதாங்கூர் அரசு சட்டம் போட்டு மாற்றியது. தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அந்த முறையைக் கிண்டல் செய்து ஒரு மான்மியமே எழுதினார். எக்ஸ் குரோமோசோமுக்குச் சட்டமும் எட்டவில்லை, கவிதையும் எட்டவில்லை. இந்தக் குறையால் பார்வை கெடாது, மருந்தும் கிடையாது. ஆனால் கப்பல் வேலைக்கும் ரயில் ஓட்டும் வேலைக்கும் நிறப் பார்வை கட்டாயம். பையனைக் கப்பலில் அனுப்ப நிலத்தை விற்கும் முன் தாய்மாமனைக் கூப்பிட்டு இரண்டு படத்தைக் காட்டிப் பார்ப்பது சிக்கனம்.

இனி வருவதுதான் பரிசோதனையின் உயிர்நாடி. கண்ணுக்குள் ஓடும் திரவத்தின் அழுத்தம் சாதாரணமாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்கும். அது கூடும்போது பார்வை நரம்பு நசிகிறது. கிளாக்கோமா என்கிற கண் நீர் அழுத்த நோய் இதுதான். பெரும்பாலானவர்களுக்கு இதில் வலி இல்லை, சிவப்பு இல்லை, உறுத்தல் இல்லை. ஓரப்பார்வைதான் முதலில் போகும். நடுப்பார்வை கடைசி வரை 6/6 என்று சொல்லிக்கொண்டிருக்கும். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை வாசித்துவிட்டுத் திரும்புகிறவர் கதவு நிலையில் இடித்துக்கொண்டு வெளியே போவார். நிலையை வைத்த ஆசாரியின் மேல் பழி விழும். போன பார்வையைத் திரும்பக் கொண்டுவர எந்த மருந்தாலும் முடியாது. இருக்கிறதைக் காப்பாற்ற மட்டும் சொட்டு மருந்தும், லேசரும், அறுவை சிகிச்சையும் இருக்கின்றன. மதுரை அரவிந்த் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்ராலயாவும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடத்திய கணக்கெடுப்புகளில், கிளாக்கோமா இருந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல், தங்களுக்கு அது இருப்பதையே அறியாமல் இருந்தார்கள்.

அழுத்தத்தை அளக்க, கண்ணின் மேல் சிறிய கூம்பு ஒன்றை நீல வெளிச்சத்தில் மெல்லத் தொடவைப்பது நம்பகமான முறை. கண்ணில் காற்றை ஊதி அளக்கும் கருவியும் உண்டு. முதல் ஊதலுக்கு நாற்காலியோடு பின்னால் போகிறவர்கள் அதிகம். மந்திரித்து ஊதும் வழக்கம் உள்ள ஊராகையால், ஊதியதும் பார்வை துலங்கிவிட்டதாகச் சொல்லி, ரசீதை வாங்கிக்கொண்டு புறப்பட்டுவிடுவோரும் இல்லாமலில்லை. அழுத்தம் சரியாக இருந்தும் நரம்பு கெடுவது உண்டு என்பதால் இந்த எண் ஒன்றை வைத்து யாரையும் விடுதலை செய்துவிட முடியாது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ கிளாக்கோமா இருந்தால் சீக்கிரமே பார்த்துக்கொள்வது நல்லது. இது மருமக்கள் வழி, மக்கள் வழி இரண்டிலும் வரும். இன்னொரு வழியும் இருக்கிறது. கண் அரித்தால் மெடிக்கல் ஷாப்பில் “போன மட்டம் தந்த அதே மருந்து” என்று கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விடும் சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு இருந்தால், அது அழுத்தத்தையும் ஏற்றும், கண்புரையையும் முன்கூட்டியே வரவழைக்கும். அரிப்பு மட்டும் போய்விடும்.

உள்ளே பார்க்க வாசலை அகலமாகத் திறக்கவேண்டும். அதற்குத்தான் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து. விட்டு அரைமணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருக்கவேண்டும். கண்ணை மூடிய பத்துப் பதினைந்து பேர் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, எதிரே இருப்பது யாரென்று தெரியாமலே ஊர் விஷயம் பேசுவதால், மாவட்டத்தின் உண்மையான பொதுக்கருத்து இந்த அரைமணி நேரத்தில்தான் வெளிப்படுகிறது. மருந்தின் வேகம் நாலு முதல் ஆறு மணி நேரம் நிற்கும். அதுவரை வெயில் கூசும், கிட்டத்து எழுத்து கலங்கும். வடசேரி பஸ் நிலையத்தில் போர்டைப் பார்க்காமல் “வே, இது தக்கலை போவுமா?” என்று கேட்டு ஏறுவது இந்த ஊர்ப் பழக்கமாகையால், மருந்து விட்டவரை மற்றவர்களிடமிருந்து பிரித்தறிவது கடினம்.

விரிந்த கண்மணி வழியாக விழித்திரையைப் பார்க்கும் கருவிக்கு ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. கணிப்பொறிக்கு முன்னோடி என்று கொண்டாடப்படும் சார்லஸ் பாபேஜ் 1847-ல் அப்படி ஒன்றைச் செய்து, லண்டனில் பெயர்பெற்ற கண் மருத்துவர் வார்ட்டன் ஜோன்ஸிடம் காட்டினார். ஜோன்ஸுக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. கருவி மூலையில் போடப்பட்டது. ஜோன்ஸுக்குக் கிட்டப்பார்வை இருந்ததுதான் காரணம் என்று பின்னால் வந்தவர்கள் சொல்கிறார்கள். 1851-ல் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தன் கருவியை வெளியிட்டுப் பெயரைத் தட்டிக்கொண்டு போனார். கண் மருத்துவரே தன் கண்ணைச் சோதித்துக்கொள்ளாததால் மருத்துவம் நாலு வருஷம் பின்தங்கிய சம்பவம் இது.

உடம்பில் ரத்தக்குழாயை அறுக்காமல், திறக்காமல் நேராகப் பார்க்கக்கூடிய இடம் விழித்திரை. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எல்லாம் அங்கே கையெழுத்துப் போட்டிருக்கும். சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் இரவுப் பூசையை இந்திரனே வந்து செய்வதாக ஐதீகம். நடை சாத்துகிறவர் ஒருவர், காலையில் திறக்கிறவர் வேறொருவர். உள்ளே கண்டதை வெளியே சொல்வதில்லை என்று சத்தியம் செய்துகொடுப்பது அங்கே மரபு. விழித்திரையைப் பார்க்கிற மருத்துவரின் தர்மம் நேரெதிர்: உள்ளே கண்டதையெல்லாம் வெளியே சொல்லவேண்டும். (அந்த இந்திரனுக்கு உடம்பெல்லாம் ஆயிரம் கண். கண்ணுக்கு ஒரு சொட்டு வீதம் விட்டுப் பார்த்து முடிப்பதற்குள் நடை திறக்கும் நேரம் வந்துவிடும்.)

சர்க்கரை நோயாளிகளுக்கு இந்தக் கட்டத்தைத் தள்ளிப்போட உரிமை இல்லை. “சீனி கொஞ்சம் உண்டு” என்று, சமையலறை டப்பாவில் மீதி இருப்பதைச் சொல்வதுபோல இங்கே சொல்வார்கள். பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்படும்போதே ஏற்கெனவே சில வருஷம் இருந்திருக்கும். அதனால் கண்டுபிடித்த அன்றே ஒருமுறை, பிறகு வருஷத்துக்கு ஒருமுறை விழித்திரையைப் பார்க்கவேண்டும். குழாய்கள் கசிந்து, வீங்கி, புதிதாக முளைத்து, ஒருநாள் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் பரவும் வரை பேப்பர் தெளிவாகத்தான் தெரிந்துகொண்டிருக்கும். மரச்சீனிக் கிழங்கை விட்டுவிட்டேன், மாத்திரை போடுகிறேன், நடக்கிறேன் என்று எல்லாக் கணக்கும் காட்டுகிறவர்கள் கண்ணை மட்டும் கணக்கில் சேர்ப்பதில்லை.

கண்புரைக்கு இந்த மாவட்டத்தில் அறிமுகம் தேவையில்லை. ஆனால் அதன் ஒரு தந்திரம் எல்லோருக்கும் தெரியாது. வில்லையின் நடுப்பகுதி இறுகிப் புரையாகும்போது, கொஞ்ச காலத்துக்குக் கண்ணில் கிட்டப்பார்வை உண்டாகும். அது வெள்ளெழுத்தைச் சரிக்கட்டிவிடும். இருபது வருஷமாகக் கண்ணாடி போட்ட பாட்டா திடீரென்று கண்ணாடியில்லாமல் பேப்பர் வாசிப்பார். முருங்கைக்கீரைக்கும், நந்தியாவட்டைப் பூவுக்கும், அவரவர் குலதெய்வத்துக்கும் புகழ் போய்ச் சேரும். கொண்டாட்டம் நடக்கும்போதே தூரத்துப் பார்வை இறங்கிக்கொண்டிருக்கும். “புரை பழுக்கட்டும், பொறவு பாப்போம்” என்பது இன்னொரு நம்பிக்கை. புரையை முழுசாக எடுத்துவிட்டுச் சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டிவிட்ட காலத்தில் காத்திருந்ததற்கு நியாயம் இருந்தது. லண்டனில் ஹரால்டு ரிட்லி 1949-ல் கண்ணுக்குள் செயற்கை வில்லையை முதன்முதலாக வைத்தார். மதுரையில் 1992-ல் அரோலேப் நிறுவனம் அந்த வில்லையை இங்கேயே செய்யத் தொடங்கியதும் அது சாதாரண மக்களின் கைக்கு எட்டியது. இப்போது பழுக்கவிடுவதில் லாபமில்லை. அளவுக்கு மீறிப் பழுத்த புரை உள்ளுக்குள் கசிந்து அழுத்தத்தை ஏற்றிக் கண்ணையே கெடுக்கலாம். மட்டிப்பழத்துக்குள்ள விதி புரைக்குச் செல்லாது.

வெயிலும் உப்புக்காற்றும் தின்னும் தொழில்களில், வெண்விழியிலிருந்து கருவிழி மேல் சதை படர்வது சாதாரணம். கட்டுமரக்காரர்களுக்கும் வயல் வேலைக்காரர்களுக்கும் இது பழக்கமான சங்கதி. கூலிங் கிளாஸ் போட்டால் ஊரில் கேலி செய்வார்கள் என்பதால் சதையை வளர விடுகிறார்கள். கூலிங் கிளாஸ் குறித்து மாவட்டத்துக்குப் பாத்தியதையுள்ள ஒரு சாட்சியம் உண்டு. 1838-ல் தொடங்கிய நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல், 1924-ல் எவரெஸ்ட் ஏறப்போன குழுவில் இருந்தார். அவரோடு ஏறிய நார்ட்டன், பாறையில் கால் வைக்கும் இடம் சரியாகத் தெரியவில்லை என்று கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஏறினார். 8,573 மீட்டர் வரை போய்விட்டுத் திரும்பிய அன்று இரவு கண் முற்றிலும் தெரியாமல் போய், சில நாள் கூடாரத்தில் கிடந்தார். தெளிவாகப் பார்ப்பதற்காகக் கழற்றியது கண்ணாடியைத்தான். சாமர்வெல் நெய்யூருக்குத் திரும்பிவந்து பல வருஷம் வைத்தியம் பார்த்தார்.

குழந்தைகள் பரிசோதனைக்கு வருவதில்லை; கொண்டுவரப்படுகிறார்கள். பிறந்ததிலிருந்து மங்கலாகவே பார்க்கிற பிள்ளை, உலகமே அப்படித்தான் என்று நினைத்துக்கொள்ளும். மரத்தில் இலைகள் தனித்தனியாக இருக்கும் விவரம் அதற்குத் தெரியாது, கேட்டுக்கொள்ளவும் தோன்றாது. கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதுகிறவனுக்குக் காப்பியடிக்கிறவன் என்ற பட்டம் கிடைக்கும். ஒரு கண்ணில் மட்டும் குறை இருந்தால் மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவைத்துவிடும். ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால் நல்ல கண்ணைக் கொஞ்ச நேரம் மூடிவைத்துச் சோம்பல் கண்ணுக்கு வேலை கொடுத்துத் தேற்றலாம், பிறகு கடினம். பள்ளிகளில் ஆசிரியர்களே முதல் கட்டமாகப் பலகையைக் காட்டிச் சோதித்து, சந்தேகமுள்ளவர்களைக் கண் மருத்துவ உதவியாளரிடம் அனுப்பும் ஏற்பாடு அரசுத் திட்டத்தில் இருக்கிறது. கண்ணாடி வாங்கியும் கொடுப்பார்கள். அது பெரும்பாலும் பைக்குள்ளேயே பாதுகாப்பாக இருக்கும். பெண்பிள்ளையாக இருந்தால், பத்து வயதிலேயே “கண்ணாடி போட்டா யாருடீ கெட்டுவான்?” என்று ஆச்சி ஒருத்தி எதிர்காலத்தைத் தெளிவாகப் பார்த்துச் சொல்லிவிடுவாள். அந்த ஆச்சிக்குப் பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் புரை.

கண் முகாம்களைப் பற்றிச் சுருக்கமாக. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பின்னும் கண் அறுவை சிகிச்சை செய்த டாக்டர் வெங்கடசாமி, பணி ஓய்வுக்குப் பிறகு 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார், ஆஸ்பத்திரிதான் ஊருக்குப் போகவேண்டும் என்பது அவர் கணக்கு. 1988-ல் திருநெல்வேலிக் கிளை வந்தபோது அது நாஞ்சில் நாட்டுக்கு இன்னும் பக்கமானது. இன்று சர்ச் வளாகத்திலும் பள்ளிக்கூடத்திலும் நடக்கும் முகாம்களில் கூட்டம் சேர்கிறது. பஸ், சாப்பாடு, திரும்பக் கொண்டுவிடுதல் எல்லாம் உண்டென்பதால் கோயில் கொடைக்குப் போகும் தோரணையில் கிளம்புகிறார்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மற்ற நாளில் இதே பரிசோதனையைக் காசில்லாமல் செய்துகொள்ளலாம். சாப்பாடு மட்டும் தன் செலவு.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்ற கேள்விக்கு வயதை வைத்துப் பதில் சொல்லலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு வருஷம் ஒருமுறை. நாற்பதை எட்டும்போது, குறை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு முழுப் பரிசோதனை. அடுத்தது எப்போது என்பதை அன்றைக்குப் பார்த்ததை வைத்து மருத்துவர் சொல்வார். அறுபத்தைந்துக்கு மேல் ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. சர்க்கரை உள்ளவர்களுக்கு வருஷந்தோறும். நாற்பதைத் தாண்டி ஓட்டுநர் உரிமம் கேட்பவரிடம் அரசே மருத்துவச் சான்றிதழ் கேட்கிறது. பகல் வெளிச்சத்தில் 25 மீட்டரில் ஒரு காரின் நம்பர் பிளேட் தெரியவேண்டும் என்பது அந்தப் படிவத்தில் உள்ள கேள்விகளில் ஒன்று. ஆளைப் பார்க்காமலே கையெழுத்துப் போடும் டாக்டர்கள் இருக்கும் வரை இதைக் கண் பரிசோதனையில் சேர்க்க முடியாது.

போகும்போது பழைய கண்ணாடி, சாப்பிடுகிற மாத்திரைகளின் சீட்டு, குடும்பத்தில் யாருக்குக் கண் போனது என்ற விவரம் ஆகியவற்றைக் கொண்டுபோகவேண்டும். பைக்கில் போகிறவர்கள் திரும்பி ஓட்டுவதற்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போவது நல்லது. வந்த இடத்தில் “நீரும் ஒருதடவ பாத்துக்கிடும் வே” என்று அந்த ஆளையும் உட்காரவைத்துச் சொட்டு மருந்து விட்டுவிட்டால், பைக்கை ஆஸ்பத்திரியில் நிறுத்திவிட்டு இருவரும் ஆட்டோவில் வரவேண்டியிருக்கும்.